மனநல விடுப்புக்குப் பிறகு யார் வேலைக்குத் திரும்புகிறார்கள், யார் உதவித்தொகையில் தங்கிவிடுகிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனச்சோர்வு, மனப்பதற்றம், தாங்க முடியாத பணி அழுத்தம் போன்ற காரணங்களால் நீண்ட மருத்துவ விடுப்பில் போகிறவர்களில் பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிலரால் முடிவதில்லை. விடுப்புக்காலத் தொகை முடிந்ததும் வேலையில்லாதோர் உதவி, அதன் பிறகு வேறொரு உதவி, கடைசியில் நிரந்தர ஓய்வூதியம் என்று அவர்கள் வாழ்க்கை போய்விடுகிறது. அவர்கள் பார்த்துவந்த தொழிலுக்கு இதில் என்ன பங்கு? டென்மார்க், ஸ்வீடன், நார்வே, நெதர்லாந்து போன்ற நாடுகள் இதைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து ஆராய்ந்து வருகின்றன. அதனால் கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அங்கிருந்து வருபவை.

உதவித்தொகையைச் சார்ந்திருப்பது என்று எதைக் கணக்கிடுகிறார்கள்?

சம்பளம் இல்லாமல் அரசு தரும் பணத்தில் வாழ்கிற காலத்தை. நோய்க்காலத் தொகை, வேலையில்லாதோர் உதவி, மறுவாழ்வுப் பயிற்சிக்கான படி, வறுமை உதவி, வேலை செய்ய இயலாதோருக்கான ஓய்வூதியம் எல்லாம் இதில் அடங்கும். இவற்றை ஒரே பெட்டியில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலையில்லாதோர் உதவி பெறுகிறவர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். நிரந்தர ஓய்வூதியத்துக்குப் போனவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. எந்த ஆய்வைப் படித்தாலும் அது எந்தத் தொகையை எண்ணுகிறது என்று முதலில் பாருங்கள்.

இதை எப்படி இவ்வளவு துல்லியமாகப் பின்தொடர முடிகிறது?

டென்மார்க்கில் 'டிரீம்' என்றொரு பதிவேடு இருக்கிறது. 1991 முதல் அந்நாட்டில் யார் எந்த வாரத்தில் என்ன அரசுத் தொகை பெற்றார் என்பது அதில் பதிவாகிறது. 1968-ல் வந்த தனிநபர் அடையாள எண் இந்தப் பதிவேட்டை மருத்துவம், கல்வி, தொழில் குறித்த மற்றப் பதிவேடுகளோடு இணைக்கிறது. ஒருவர் விடுப்பில் போன வாரத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு அவர் எங்கே போனார் என்று, பெயரை மறைத்துவிட்டு, பார்க்க முடிகிறது. யாரிடமும் படிவம் கொடுத்து நிரப்பச் சொல்லத் தேவையில்லை. அதனால் பாதியில் விலகிப் போகிறவர்களும் குறைவு. மனநலம் குன்றியவர்கள்தான் கணக்கெடுப்புப் படிவங்களுக்குப் பதில் எழுதாமல் விடுவது வழக்கம் என்பதால் இது பெரிய பலம்.

மனநோய் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். அப்புறம் தொழில் எப்படி வேறுபாட்டை உண்டாக்கும்?

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. யார் விடுப்பில் போகிறார்கள் என்பது ஒன்று. போனவர்களில் யார் திரும்பி வருவதில்லை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஒரே தொழில்களாக இருக்க வேண்டியதில்லை. பல சமயம் இருப்பதும் இல்லை.

மனநலக் காரணங்களால் விடுப்பு எடுப்பதில் முன்னால் நிற்பவை மனிதர்களோடு மனிதர்களாக நின்று செய்யும் தொழில்கள்: ஆசிரியர், செவிலியர், சமூகப் பணியாளர், முதியோர் பராமரிப்பாளர். ஸ்வீடனின் சமூகக் காப்பீட்டு நிறுவனம் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறது. அடுத்தவர் துயரத்தை நாள் முழுக்கத் தாங்க வேண்டும், தன் உணர்ச்சியை வெளியே காட்டக் கூடாது, வேலை எத்தனை செய்தாலும் முடியாது. இதுதான் அங்கே ஆளைத் தின்கிறது.

ஆனால் ஆசிரியரிடமும் செவிலியரிடமும் ஒரு பட்டமோ உரிமமோ இருக்கிறது. நிரந்தரப் பணி இருக்கலாம், தொழிற்சங்கம் இருக்கலாம். வகுப்பறை முடியாவிட்டால் பாடத்திட்டப் பணி, வார்டு முடியாவிட்டால் புறநோயாளிப் பிரிவு என்று நகர இடம் இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளி, கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர், தொழிற்சாலையில் வரிசையில் நிற்கிறவர் ஆகியோருக்கு அந்த இடம் மிகக் குறைவு. விடுப்பில் போன பிறகு நிரந்தர ஓய்வூதியத்தில் முடிகிற அபாயம், குறைந்த கல்வியும் குறைந்த திறனும் கேட்கிற வேலைகளில் இருப்பவர்களுக்கு அதிகம் என்பது வட ஐரோப்பிய ஆய்வுகளில் உறுதியாகத் தெரிகிற போக்கு.

நோய் ஒருவரை வேலையிலிருந்து வெளியே கொண்டுவருகிறது. அவர் திரும்பிப் போகும் வழி திறந்திருக்கிறதா என்பதை அவருடைய வேலை தீர்மானிக்கிறது. கொள்கை வகுப்பவர்கள் முதல் கேள்விக்கு மட்டும் விடை தேடினால், இரண்டாவது கேள்விக்குள் இருக்கிறவர்கள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

அப்படியானால் படித்த வேலையில் இருப்பவர்கள் சீக்கிரம் திரும்பிவிடுகிறார்களா?

சீக்கிரம் என்று சொல்ல முடியாது. முதல் சில மாதங்களில் திரும்பும் வேகத்தில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை; பொறுப்பும் சிந்தனையும் கேட்கிற வேலைகளில் இருப்பவர்கள் கூடுதல் காலம் எடுத்துக்கொள்வதும் உண்டு. மனச்சோர்வு தணிந்த பிறகும் கவனக்குறைவு, மறதி, முடிவெடுப்பதில் தயக்கம் ஆகியவை பல மாதங்கள் நீடிக்கலாம். மூளையால் சம்பாதிக்கிறவரை அது நேரடியாகத் தாக்கும். சில ஆண்டுகள் தள்ளிப் பார்க்கும்போதுதான் மேல்நிலை வேலைக்கும் கீழ்நிலை வேலைக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

எந்த அம்சங்கள் திரும்பி வருவதைக் கடினமாக்குகின்றன?

முதலாவது, வேலையைக் கூறுபோட முடியுமா என்பது. அலுவலகத்தில் ஒருவருக்கு இரண்டு மாதம் கூட்டங்களைக் குறைக்கலாம், ஒரு பெரிய திட்டத்தை எடுத்துவிடலாம், வீட்டிலிருந்து செய்யச் சொல்லலாம். பேருந்து ஓட்டுகிறவர் பாதிப் பேருந்தை ஓட்ட முடியாது. அவர் சாப்பிடுகிற மாத்திரை தூக்கத்தை வரவழைத்தால் ஓட்டவே கூடாது. இயந்திரம் இயக்குகிறவருக்கும் இதே கதைதான். கால் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை அழைப்பு என்று கணினி எண்ணிக்கொண்டே இருக்கும். மெதுவாகத் தொடங்குகிறவர் முதல் நாளிலேயே பின்தங்கியவராகத் திரையில் தெரிவார்.

இரண்டாவது, தன் வேலையின் மேல் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது. 1979-ல் பணி அழுத்த ஆய்வாளர் ராபர்ட் கராசெக் முன்வைத்த கோட்பாட்டு மாதிரி இன்னும் பயன்படுகிறது: சுமை அதிகமாகவும் முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் வேலைதான் ஆளை அதிகம் நசுக்குகிறது. 1996-ல் சமூகவியலாளர் யோகன்னஸ் சீக்ரிஸ்ட் இன்னொரு கோணத்தைச் சேர்த்தார்: போடும் உழைப்புக்கு ஈடாகச் சம்பளம், மதிப்பு, பணிப் பாதுகாப்பு எதுவும் திரும்பி வராத நிலை. குணமாகித் திரும்பி வருகிறவர் இதே இரண்டு நெருக்கடிகளுக்குள்தான் மறுபடி நுழைகிறார். இப்போது அவருக்கு முன்பிருந்த தெம்பும் இல்லை.

மூன்றாவது, வேலை ஒப்பந்தம். இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன். நெதர்லாந்தில் ஊழியர் நோயுற்றால் முதலாளி 2 ஆண்டுகள் வரை குறைந்தது 70% சம்பளம் தர வேண்டும். 2002-ல் வந்த சட்டப்படி, நோயுற்றவரைத் திரும்பக் கொண்டுவர இரு தரப்பும் சேர்ந்து திட்டம் போட வேண்டும்; முதலாளி போதிய முயற்சி எடுக்கவில்லை என்றால் மூன்றாவது ஆண்டும் சம்பளம் தர வேண்டி வரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் தற்காலிக ஒப்பந்தம் விடுப்பின் நடுவிலேயே முடிந்துபோனவருக்குத் திரும்பிப் போக முதலாளியே இல்லை. அவர் குணமடைந்தாலும் எங்கே போவார்? நேராக அரசுத் தொகைக்குத்தான். தற்காலிக ஒப்பந்தங்கள் எல்லாத் தொழில்களிலும் ஒரே அளவில் பரவியிருக்கவில்லை. அதனால் தொழிலின் தாக்கம் என்று எண்ணில் தெரிவதில் ஒரு பகுதி உண்மையில் ஒப்பந்தத்தின் தாக்கம்.

நான்காவதாக, உடல். கடும் உடலுழைப்பு வேலைகளில் மனச்சோர்வு தனியாக வருவது குறைவு. முதுகுவலி, மூட்டுவலி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்தே வரும். ஆனால் விடுப்புச் சான்றிதழில் பெரும்பாலும் ஒரே ஒரு நோயின் பெயர்தான் இருக்கும்.

வேலையில் கீழ்நிலையில் இருப்பதே காரணமா, அல்லது வறுமையும் கல்வியின்மையும் காரணமா?

இதைப் பிரித்துப் பார்க்க உதவிய ஆய்வு லண்டனில் நடந்தது. 1985-ல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வில் 35 முதல் 55 வயதுக்குட்பட்ட 10,308 அரசு ஊழியர்கள் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் அலுவலக வேலை, ஒரே முதலாளி, ஒரே நகரம், ஒரே பொது மருத்துவம். யாரும் பட்டினி கிடப்பவர் அல்லர். அப்படியிருந்தும், கடைநிலையில் இருந்த ஆண்கள் நோய் விடுப்பு எடுத்த வீதம் உச்சநிலையில் இருந்தவர்களைப் போல ஏறக்குறைய 6 மடங்கு. இது எல்லா வகை நோய் விடுப்பையும் சேர்த்த கணக்கு, மனநலம் மட்டும் இல்லை. இருந்தாலும் ஏணியின் ஒவ்வொரு படியிலும் வேறுபாடு தெரிந்தது என்பதுதான் முக்கியம். வறுமை மட்டும் காரணமாக இருந்திருந்தால் கடைசிப் படியில் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

ஏற்கெனவே மனநலம் பாதிக்கப்பட்டவர்கள்தானே சாதாரண வேலைகளுக்கு வந்து சேர்கிறார்கள்?

ஓரளவு உண்மை. பதின்ம வயதிலேயே மனச்சோர்வு வந்தவர் படிப்பைப் பாதியில் நிறுத்தலாம், கிடைத்த வேலைக்குப் போகலாம், பின்னால் அந்த வேலையும் போகலாம். அங்கே தொழிலைக் குற்றம் சொன்னால் தப்பு. அதனால்தான் நல்ல ஆய்வுகள் கல்வி, வருமானம், முன்பு எடுத்த விடுப்புகள், முன்பு வேலையின்றி இருந்த காலம், வாங்கிய மனநல மருந்துகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்கின்றன; அதாவது, இவற்றில் ஒத்திருப்பவர்களை ஒப்பிடுவதுபோல் கணக்கிடுகின்றன. அப்படிச் செய்யும்போது தொழில்களுக்கிடையிலான இடைவெளி சுருங்குகிறது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கல்வியும் வருமானமும் தொழிலோடு பின்னிப் பிணைந்தவை. அவற்றை முழுவதுமாகக் கழித்துவிட்டால், தொழில் எந்த வழியாக வேலை செய்கிறதோ அதையும் சேர்த்தே கழித்துவிடுகிறோம். "சரிசெய்த பிறகு வேறுபாடு குறைவு" என்ற வரியைப் படித்துவிட்டுத் தொழிலுக்குப் பங்கே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

நோயின் தீவிரம்தானே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது?

தீவிரமான உளப்பிணிகளில் நோய்க்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மனநல விடுப்பில் பெரும்பகுதி மிதமான மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் சார்ந்த தளர்ச்சி. இவற்றில் அறிகுறி குறைவதும் வேலைக்குத் திரும்புவதும் ஒன்றாக நடப்பதில்லை. அறிகுறிகள் நன்றாகத் தணிந்தும் வீட்டில் இருக்கிறவர்கள் உண்டு. அறிகுறிகளோடேயே வேலை செய்கிறவர்களும் உண்டு. "என்னால் மறுபடி அந்த வேலையைச் செய்ய முடியும்" என்று ஒருவர் நம்புகிறாரா என்பது திரும்புவதை முன்கூட்டிச் சொல்லும் வலுவான குறிகளில் ஒன்று. அந்த நம்பிக்கை வெறும் மனத்தில் முளைப்பதில்லை. அவருடைய மேலாளர் எப்படி நடந்துகொள்வார், சகஊழியர்கள் என்ன பேசுவார்கள், முதல் வாரமே முழுச் சுமையைத் தலையில் வைப்பார்களா என்பதையெல்லாம் எடைபோட்டுத்தான் வருகிறது.

விடுப்பு நீளநீள என்ன ஆகிறது?

திரும்பும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. அதனால்தான் நாடுகள் காலக்கெடு வைத்திருக்கின்றன. நார்வேயில் 4 வாரத்துக்குள் திட்டம், 7 வாரத்துக்குள் முதலாளியோடு சந்திப்பு. டென்மார்க்கில் 2014 சீர்திருத்தத்துக்குப் பிறகு 22-ஆவது வாரத்தில் நோய்க்காலத் தொகையைத் தொடரலாமா என்ற மறுபரிசீலனை. ஸ்வீடனில் 2008-ல் கொண்டுவந்த முறைப்படி முதல் 90 நாள் சொந்த வேலையைச் செய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். அதன் பிறகு அதே நிறுவனத்தில் வேறு வேலை செய்ய முடியுமா என்பார்கள். 180 நாளுக்குப் பிறகு வேலைச் சந்தையில் வழக்கமாகக் கிடைக்கும் எந்த வேலையையாவது செய்ய முடியுமா என்று கேட்பார்கள். பின்னாளில் இதில் சில விலக்குகள் சேர்ந்தன.

அந்த இரண்டாவது கட்டத்தைப் பாருங்கள். பெரிய மருத்துவமனையிலோ நகராட்சியிலோ வேலை செய்கிறவருக்கு "அதே நிறுவனத்தில் வேறு வேலை" என்பதற்குப் பொருள் இருக்கிறது. நான்கு பேர் வேலை செய்கிற பட்டறைக்காரருக்கு என்ன வேறு வேலை? விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வசதி ஒன்றில்லை.

உதவித்தொகை தாராளமாகக் கிடைப்பதால்தான் வேலைக்கு வர மறுக்கிறார்களா?

தொகையின் அளவு விடுப்பின் நீளத்தைப் பாதிக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. தொகைக்கு உச்சவரம்பு இருப்பதால் குறைந்த சம்பளக்காரர் தன் சம்பளத்தின் விகிதத்தில் குறைவாக இழக்கிறார் என்பதும் உண்மை. ஆனால் ஒரே நாட்டில், ஒரே விதியின் கீழ், ஏறக்குறைய ஒரே சம்பளம் வாங்குகிற தொழில்களுக்குள்ளேயே விளைவுகள் மாறுகின்றன. அதைத் தாராளம் என்ற ஒற்றைக் காரணத்தால் விளக்க முடியாது.

சும்மா இருப்பது சுகம் என்ற எண்ணமும் தவறு. 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மாரியந்தால் கிராமத்தில் ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. சமூக உளவியலாளர் மேரி யகோடாவும் அவர் சகாக்களும் அங்கே செய்த ஆய்வு 1933-ல் வெளிவந்தது. நேரம் ஏராளமாக இருந்தும் மக்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்துபோயிருந்தது. நாளுக்கு ஓர் ஒழுங்கு, நாலு பேரோடு பழக்கம், தான் தேவைப்படுகிறோம் என்ற உணர்வு ஆகியவற்றையும் வேலைதான் தந்துவந்தது என்று யகோடா பின்னர் எழுதினார். மனச்சோர்வில் இருக்கும் ஒருவரிடமிருந்து இவை போய்விட்டால் நோய் ஆழமாகும். ஓய்வூதியத்துக்குத் தள்ளப்பட்டவரைச் சோம்பேறி என்று சொல்வது அறியாமை மட்டும் இல்லை, கொடுமையும்கூட.

சிகிச்சை முடிந்தால் போதாதா?

போதாது. பேச்சுச் சிகிச்சை மனநிலையை உயர்த்தும். அது தானாக வேலைக்கு அழைத்துப் போகாது. நெதர்லாந்தில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான அறிவுசார் நடத்தைச் சிகிச்சையோடு (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) ஒப்பிட்டால், தொடக்கத்திலிருந்தே வேலையையும் பேச்சில் சேர்த்துக்கொண்ட சிகிச்சை பெற்றவர்கள் சுமார் இரண்டு மாதம் முன்னதாக முழு வேலைக்குத் திரும்பினார்கள். அறிகுறிகள் இரு பிரிவினருக்கும் ஒரே மாதிரி குறைந்தன. சீக்கிரம் திரும்பியதால் யாருடைய நோயும் மோசமாகவில்லை.

தீவிர மனநோய் உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் உருவாக்கிய முறை இன்னும் ஒருபடி மேலே போகிறது. முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற வரிசையைத் திருப்பிப்போட்டு, முதலில் உண்மையான சம்பளத்துக்கு ஒரு வேலை, பிறகு அந்த வேலையிலேயே துணை என்று மாற்றினார்கள். பல நாடுகளில் நடந்த சோதனைகளில் பழைய முறையைவிட இதில் வேலை கிடைத்தவர்கள் அதிகம்.

கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவது பயன் தருமா?

பெரும்பாலும் தரும். ஸ்வீடனில் 25, 50, 75, 100 சதவீதம் என்று நோய்க்காலத் தொகையைப் பிரித்து வாங்கலாம். ஃபின்லாந்து 2007-ல் பகுதி நோய்த்தொகையைக் கொண்டுவந்தது. டென்மார்க்கில் நிரந்தரமாகவே திறன் குறைந்தவர்களுக்கு ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது: முடிந்த நேரம் மட்டும் வேலை, அதற்கான சம்பளம் முதலாளியிடமிருந்து, மீதிக்கு நகராட்சியின் மானியம். ஓய்வூதியத்துக்கும் முழு வேலைக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது என்பதே பலரைக் காப்பாற்றுகிறது. ஒரு நிபந்தனை: நேரத்தைப் பாதியாக்கினால் வேலையையும் பாதியாக்க வேண்டும். அரைநாளில் முழுநாள் வேலையைக் கேட்பது அடுத்த விடுப்புக்கு வழி.

பெண்களுக்கு இது வேறு மாதிரியா?

மனநல விடுப்பு எடுப்பவர்களில் பெண்கள் அதிகம். பராமரிப்பு, கல்வித் துறைகளில் பெண்கள் கூடுதலாக இருப்பது ஒரு காரணம். வீட்டு வேலையின் இரண்டாவது ஷிப்ட் இன்னொன்று.

நோயை உண்டாக்கிய வேலைக்கே திரும்ப வேண்டுமா? தொழிலை மாற்றினால் என்ன?

சிலருக்கு மாற்றம்தான் மருந்து, முக்கியமாக மேலதிகாரியின் துன்புறுத்தலோ சகஊழியர்களின் கொடுமையோ காரணமாக இருந்தால். ஆனால் நோயின் அடிமட்டத்தில் இருக்கும்போது ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். பல நாடுகளில் வேலையை விட்ட நிமிடமே திரும்பி வரும் உரிமை, விடுப்புச் சம்பளம், நிறுவன மருத்துவரின் உதவி எல்லாம் போய்விடும். பணியில் இருந்துகொண்டே அதே நிறுவனத்தின் வேறு பிரிவைக் கேளுங்கள். மனம் தெளிந்த பிறகு, கையில் இன்னொரு வேலை இருக்கும்போது விலகலாம்.

நான் இப்போது விடுப்பில் இருக்கிறேன். என்ன செய்யலாம்?

மருத்துவரிடம் "எப்போது முழுக்கக் குணமாகும்?" என்று கேட்பதோடு "இப்போதே என்னால் எதைச் செய்ய முடியும்?" என்றும் கேளுங்கள். உங்கள் வேலையில் ஒரு நாளில் செய்கிற காரியங்களை ஒரு தாளில் எழுதி, எது முடியும், எது இப்போது முடியாது, எதை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது என்று குறியுங்கள். மேலாளரோடும் மருத்துவரோடும் பேசுவதற்கு அந்தத் தாளே போதும். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலான இடங்களில் இல்லை. எதைச் செய்ய முடியாது என்று சொன்னால் போதும். நம்பிக்கையான ஒரு சகஊழியரோடு தொடர்பை விடாதீர்கள். தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தால் அது முடியும் தேதியைப் பார்த்து, அதற்கு முன்பே தொழிற்சங்கத்தையோ சட்ட உதவியையோ அணுகுங்கள்.

நான் மேலாளர். என் குழுவில் ஒருவர் திரும்பி வருகிறார்.

வருவதற்கு முன்பே பேசுங்கள். முதல் நான்கு வாரங்களுக்கு என்ன வேலை, எத்தனை மணி நேரம், சுமை கூடினால் யாரிடம் சொல்வது என்று எழுதிவைத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சுமையை வேறு யார் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சகஊழியர்களின் எரிச்சல் அவர் மேல் திரும்பும். கடைநிலை ஊழியர் என்றால் இதெல்லாம் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். அலுவலக அதிகாரிக்கு இந்த ஏற்பாடு தானாகக் கிடைத்துவிடும். துப்புரவுப் பணியாளருக்கு நீங்கள் செய்து தந்தால்தான் உண்டு.

திரும்பிய பிறகு எவ்வளவு காலம் கவனமாக இருக்க வேண்டும்?

மாதக் கணக்கில் இல்லை, வருடக் கணக்கில். மறுபடி விடுப்பில் போகிறவர்களில் பெரும்பாலோர் முதல் 3 ஆண்டுகளுக்குள் போகிறார்கள் என்று நெதர்லாந்து ஆய்வுகள் காட்டுகின்றன. பல நிறுவனங்களில் முதல் மாதச் சந்திப்போடு எல்லாம் நின்றுவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து "சுமை எப்படி இருக்கிறது, தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று கேட்கும் சந்திப்பை மூன்று ஆண்டுகளுக்கும் இப்போதே நாட்காட்டியில் போட்டுவையுங்கள். மேலாளர் மாறினால் புதியவரிடம் அதையும் சேர்த்து ஒப்படையுங்கள்.